ஒதுக்கி வைத்த இலக்கம்

சாலிஹுக்குச் சாராயப் போத்தல் மூடியைக் கண்ணில் காட்டக் கூடாது. குடிக்கிற ஆட்கள் மேல்கூட அவனுக்கு அவ்வளவு கோபமில்லை. அவர்கள் திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் போகும் அந்த அலுமினிய மூடி மேல்தான் தீராத ஆத்திரம். காத்தான்குடி பிரதான வீதியில் ஏசி, பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிற, ஐந்து நேரத் தொழுகை தவறாத ஒரு மனிதனுக்கும் சாராய மூடிக்கும் அப்படி என்ன வழக்கு என்று கேட்டால், முதலில் அவன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்புகிறவர்கள் டீவி கொண்டுவருவார்கள், கம்பளி, அத்தர், பால்மா கொண்டுவருவார்கள். சாலிஹ் கொண்டுவந்தது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெஷின். கூட வேலை செய்த சூடான்காரன் ஒருவனோடு வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போய்ப் பிடித்த பைத்தியம் அது. நீளமான தடி, அதன் அடியில் சாப்பாட்டுப் பீங்கான் அளவில் ஒரு வட்டத் தட்டு, பிடியில் சின்னத் திரை, காதுக்கு ஹெட்போன். தட்டை மண்ணுக்கு மேலே மெல்ல வீசிக்கொண்டு நடந்தால், கீழே கிடப்பதற்கு ஏற்ப ஒரு சத்தம் கேட்கும், திரையில் ஓர் இலக்கம் விழும். அவ்வளவுதான் வித்தை. அவன் மனைவி நிஸ்மியா அதைக் கண்ட அன்றே, “வளவு கூட்டுறதுக்கா இது?” என்று கேட்டுச் சிரித்தாள்.

அனுமதி இல்லாமல் இப்படியொன்றை வைத்திருப்பது வில்லங்கம், அதை வைத்துக்கொண்டு ஊரான் நிலத்தைத் தோண்டுவது அதைவிட வில்லங்கம் என்பது சாலிஹுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் அதை உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டி, கடையில் வேலை குறைந்த பகல்களில் வலையிறவுப் பாலத்தால் வாவியைத் தாண்டி, அக்கரையான படுவான்கரைக்குப் போய்வந்தான். தேடியது பழைய வெள்ளிக் காசு. வெள்ளைக்காரன் காலத்து ஐம்பது சதம், இருபத்தைந்து சதம். விற்கிற நோக்கமும் இல்லை. கழுவி, துடைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஜாம் போத்தலில் போட்டு வைப்பான். நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கக் கூடாதா என்ன.

அவன் தேடும் இடம் வவுணதீவுக்கு அப்பால், வாவிக்கரையை ஒட்டிய யோகராசாவின் வயல் வட்டை. பாலம் வருவதற்கு முன்னால் அந்த வட்டையின் ஓரத்தில்தான் ஓடத்துறை இருந்ததாம். தோணியில் ஏறி இறங்கும் அவசரத்தில் மடி அவிழ்ந்து விழுந்த சில்லறையெல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது. யோகராசாவுக்கு அறுபது வயது இருக்கும். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். பிரிட்ஜ் திருத்தக் கொண்டுவந்த இடத்தில் பழக்கமாகி, “வந்து தேடுங்க தம்பி, காசு கிடைச்சா எனக்கும் ஒண்டு தாங்க” என்று இலேசாகச் சொல்லிவிட்டார். ஆனால் சாலிஹ் வயலில் நடக்கும் நேரமெல்லாம் அவரும் வரம்பில் குந்தியிருப்பார். எவ்வளவு வெயில் அடித்தாலும் எழுந்து போகமாட்டார். துணைக்கு இருக்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

வாவி மண்ணில் மெஷினை வழிக்குக் கொண்டுவருவது சின்ன வேலையில்லை. தண்ணீர் வற்றியதும் மண்ணில் உப்புப் பூக்கும். உப்பைக் கண்டால் மெஷின் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தும். சாலிஹ் சுத்தமான இடமாகப் பார்த்து, தட்டை மேலும் கீழும் தூக்கி இறக்கி, அந்த மண்ணின் குணத்தை மெஷினுக்குப் பழக்குவான். பிறகு அதன் கூர்மையைக் குறைப்பான். கூர்மையைக் குறைத்தால் ஆழத்தில் கிடப்பது கேட்காது. கூட்டினால் உப்பு கத்தும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க அவனுக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் போயின.

உப்பை அடக்கியபின் வந்து நின்றதுதான் மூடி. இரும்புக்கு முப்பதுக்குக் கீழே இலக்கம் விழும், ஒதுக்கிவிடலாம். தகரத்துக்கும் ஈயத் தாளுக்கும் நாற்பது, ஐம்பது. நல்ல வெள்ளிக் காசென்றால் எண்பதைத் தாண்டும். இந்தப் பாழாய்ப்போன சாராய மூடி எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று என்று வெள்ளிக்குக் கிட்டவே வந்து நின்று, வெள்ளி மாதிரியே இனிமையாகக் கத்தும். நெஞ்சு படபடக்க முழங்காலில் இருந்து தோண்டினால், நசுங்கிய மூடி ஒன்று பல்லைக் காட்டும். சில நேரம் வாசனைகூடப் போயிருக்காது. கையை வாவியில் போட்டுக் கழுவிக் கழுவி அவனுக்கு அலுத்துவிட்டது.

“வெள்ளாமை வெட்ட வாற பொடியன்மார்ர வேலை” என்றார் யோகராசா. வயலின் தென்கோடியில் மருத மரம் நிற்கிற மேட்டு மூலையைக் கையால் காட்டினார். “அங்கதான் இரிந்து குடிக்கிற. அந்தப் பக்கம் போயிராதீங்க, மூடியத் தவிர ஒண்டும் இல்ல.”

ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன்போக்கில் நடந்தவன் அந்த மேட்டுக்குக் கிட்டப் போய்விட்டான். பின்னால் யாரோ ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். திரும்பினால் யோகராசா. மூச்சு வாங்கியது, பிடித்த கை சில்லென்று வியர்த்திருந்தது. “பாம்பு தம்பி, புடையன் கிடக்கிற இடம்” என்றார். அப்புறம் கையை விட்டுவிட்டுச் சிரித்தார். போன தடவை மூடி என்று சொன்னவர் இந்தத் தடவை பாம்பு என்கிறாரே என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். காசுப் பைத்தியம் பிடித்தவனுக்கு அதெல்லாம் எங்கே வரப்போகிறது.

அன்று வீட்டுக்குப் போய் சாலிஹ் ஒரு காரியம் செய்தான். எழுபத்தெட்டுக்குக் கீழே எந்த இலக்கம் வந்தாலும் மெஷின் வாய் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டான். மூடித் தொல்லை அதோடு ஒழிந்தது. மெஷின் ஊமையாக வரும், வெள்ளிக் காசு வந்தால் மட்டும் மணி அடிக்கும். யோகராசா இல்லாத ஒரு பகலில் அந்த மேட்டு மூலையைக்கூட மேலும் கீழும் வீசிப் பார்த்துவிட்டான். சின்னச் சத்தமும் இல்லை. மனிதர் சொன்னது சரிதான், இங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து, மரத்தடி நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

இனி ஹவ்வா உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நிஸ்மியாவின் தாய். வீடு மகளுக்குக் கொடுத்த சீதன வீடு, அதன் பின்னறையில் அவர் இருக்கிறார். அவருடைய கணவர் அசனார், தொண்ணூறாம் ஆண்டுக் கலவர காலத்தில் படுவான்கரையில் இருந்த தங்கள் வெள்ளாமையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவர். சைக்கிளும் வரவில்லை, அவரும் வரவில்லை. அப்போது நிஸ்மியா ரெண்டாம் வகுப்பு. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் பல பேர்களில் பல பக்கமும் திரிந்த காலம் அது.

எடுக்க ஜனாஸா இல்லை, அடக்கக் கபுறு இல்லை. புருஷன் மௌத்தானால் ஒரு பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். ஹவ்வா உம்மா இருக்கவில்லை. இருக்கச் சொன்னவர்களிடம், “மௌத்தானதக் கண்ட ஆள் ஆரு? கூட்டி வாங்க, இரிக்கன்” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். முப்பத்துச் சொச்சம் வருடமாக நிறச் சேலைதான். இப்போது இருதயம் பலவீனம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. சாவைப் பற்றிய பயமில்லை. இத்தா இருக்காமல் போய்ச் சேர்ந்து, அங்கே அவரைக் கண்டால் என்ன சொல்வது என்ற பயம்.

ஒரு பின்னேரம் சாலிஹ் காசு துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

“இது வெள்ளியா மகன்?”

“ஓம் மாமி. சுத்த வெள்ளி.”

“அப்ப ஒங்கட மெஷின் மோதிரத்தையும் காட்டுமா?”

சாலிஹ் கையை நிறுத்தினான். என்ன கேட்கிறார் என்று உடனே விளங்கிவிட்டது. மார்க்கப்படி நம் ஆண்கள் தங்கம் போடுவதில்லை, போட்டால் வெள்ளி மோதிரம்தான். அசனார் விரலிலும் ஒன்று இருந்தது, சிவப்புக் கல் வைத்தது. ஹவ்வா உம்மா தன் விரலை நீட்டிக் காட்டினார். அதே மாதிரி ஒன்று. ஒரே தட்டானிடம் ஒரே வெள்ளியில் சோடியாகச் செய்வித்ததாம்.

“அவர்ர மோதிரத்துல அடையாளம் இரிக்கி. குளவி குத்தி விரல் வீங்கினதால தட்டான் அத வெட்டித்தான் எடுத்த. மறுகா பத்தவச்சான். உள்பக்கம் தடவினா ஒட்டு கையில தட்டும்.” வாவிப் பக்கமாகக் கையை நீட்டினார். “நீங்க போற அந்த ஓடத்துறைப் பாதையாலதான் அவரு எங்கட வட்டைக்குப் போற. ஒருக்காப் பாருங்க மகன். கிடைச்சா நான் இத்தா இரிந்துபோட்டு மௌத்தாகிருவன்.”

“கிடைக்காட்டி மாமி?”

“கிடைக்காட்டி என்ன, வருவாரு எண்டு இரிக்கிறதத்தான் இன்னும் இரிப்பன்.”

நடக்கிற காரியமா என்று சாலிஹுக்குள் ஓடியது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. மெஷின் மோதிரத்தை எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்போம், அவருக்கும் ஓர் ஆறுதல் என்று சவர்க்காரம் போட்டு அந்தச் சோடி மோதிரத்தைக் கழற்றி வாங்கினான். வளவில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, அதன் மேல் தட்டை வீசினான். சத்தமில்லை. இன்னும் தாழ்த்தி வீசினான். அப்போதும் இல்லை.

“என்ன மகன், ஊமையாக் கிடக்கு?”

மெஷின் பழுது என்று நினைத்துப் பொத்தான்களைத் தடவியவனுக்குத் தான் போட்ட பூட்டு ஞாபகம் வந்தது. பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி வீசினான். காதுக்குள் இனிமையாக மணி அடித்தது. மோதிரம் காசைவிட மெல்லிசு அல்லவா, இலக்கம் இறங்கி நின்றது. திரையில் எழுபத்திரண்டு.

சாலிஹ் இன்னொரு தரம் வீசினான். மூடியின் அதே எழுபத்திரண்டு, அவன் பூட்டி வைத்த இலக்கம். எத்தனையோ நாள் அவன் நடந்த நிலமெல்லாம் கண்முன்னே வந்தது. அந்த மேட்டு மூலையும் வந்தது, அங்கே உட்கார்ந்து தின்ற சோறும் வந்தது. “என்னயாம் மெஷின் சொல்லுது?” என்று ஹவ்வா உம்மா கேட்டார். “காட்டுது மாமி” என்று மட்டும் சொன்னான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனால் முடியவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற ஆவணி வெயில். வரம்பில் யோகராசாவைக் காணவில்லை. காவல் குடிலான வாடிப் பக்கத்தில் எழுபத்திரண்டு கத்தியது, தோண்டினான், மூடி. இன்னொன்று, அதுவும் மூடி. வாழ்க்கையில் முதல் தடவையாக மூடியைக் கண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். எல்லாம் மூடியாகவே இருக்கட்டும், அந்த மூலையும் மூடியாகவே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினான்.

ஏறிய இடத்திலேயே மணி அடித்தது. எழுபத்திரண்டு. மண்ணை மெல்ல எடுத்தான். ஆழமில்லை. அவசரத்தில் மூடிய மண், அதன் பிறகு கலப்பை படாத மண். முக்கால் சாணில் கறுத்த வளையம் ஒன்று தெரிந்தது. அதோடு கிடந்த வேர்த்துண்டைத் தட்டிவிடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அது வேரில்லை.

“இன்னா லில்லாஹி” என்றது வாய். மோதிரத்தை எடுத்துச் சாரத்தில் துடைத்தான். வெள்ளிதான். கல் வைத்ததுதான். பெருவிரலை உள்ளே விட்டுச் சுற்றிவரத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. ஒட்டு இல்லை. இன்னொரு தரம் தடவினான். இல்லவே இல்லை. அப்பாடா, மாமா இல்லை என்று நெஞ்சு இறங்கியது. அடுத்த நொடியே வெட்கம் வந்து முகத்தைச் சுட்டது. மாமா இல்லையென்றால் இது யாருடைய மாமா?

எழும்பித் தட்டை வீசினான். ஓரடி தள்ளி மறுபடி மணி அடித்தது.

நிமிர்ந்தபோது யோகராசா கொஞ்சம் தூரத்தில் நின்றார். இந்தத் தடவை ஓடிவரவில்லை. தலைப்பாவை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

“நீங்க மூடி எண்டு சொன்னீங்க அண்ணன்” என்றான் சாலிஹ்.

“ஓம், சொன்னன்.” யோகராசா வந்து தாள் மேல் குந்தினார். “அந்த நாளையில நாங்க ஊட்டுக்குள்ள. ராவும் பகலுமா ட்ரக்டர் வாற சத்தம் கேக்கும். துவக்கோட வந்து அப்பாவத்தான் மண்வெட்டியோட கூட்டிப் போனவங்க. வந்தவர் சோறு தின்னல்ல. மூணு பேர் எண்டு மட்டும் சொன்னவர். வாயத் துறந்தா நம்மளும் அதுக்குள்ளதான் எண்டும் சொன்னவர்.”

“அவங்கெல்லாம் போய் எவ்வளவு காலம். மறுகாயாவது சொல்லியிரிக்கலாமே?”

“மறுகா சொன்னா, ஏன் அப்பச் சொல்லல்ல எண்டு கேப்பாங்க. அதுக்கு நான் என்னத்தச் சொல்ற? அப்பா சாகும்வரைக்கும் இதுல கலப்ப வைக்கல்ல. நானும் வைக்கல்ல. அது ஒண்டுதான் என்னால ஏலுமாயிருந்த.”

கோபம் வரவேண்டிய இடம். சாலிஹுக்கு வந்ததும் கோபம்தான். ஆனால் கோபப்பட அவனுக்கும் அவ்வளவு உரிமை இருக்கவில்லை. இவர் வாயை மூடியிருந்தார், அவன் மெஷினின் வாயை மூடியிருந்தான். அவன் ஹெட்போனின் வயரைப் பிடுங்கினான். அந்தச் சத்தம் முதல் தடவையாக வெளியே கேட்டது. வாடியில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிவந்து, மோதிரம் எடுத்த இடத்தில் ஒன்றைக் குத்தினான். தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று.

யோகராசா மூன்றாவது குச்சி வரைக்கும் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். நாலாவதைக் குத்தியபோது எழுந்து நின்றார்.

“தம்பி, அது மூடியாயிருக்கும்.”

சாலிஹ் தோண்டினான். மூடியில்லை. யோகராசா அந்தக் கறுத்த வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “மூணு பேர் எண்டுதானே அப்பா சொன்னவர்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த மனிதர் இத்தனை வருடமும் மூன்று பேரைத்தான் சுமந்திருக்கிறார் என்று சாலிஹுக்கு அப்போது புரிந்தது.

மெஷின் கத்திக்கொண்டே போனது. சாலிஹ் எண்ணுவதை விட்டுவிட்டான். ஒவ்வொன்றையும் எடுத்து உட்புறம் தடவினான். ஒட்டு அகப்படவில்லை. சாரத்து மடியில் மோதிரங்கள் கனத்தன. எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பெண்கள் வெள்ளை உடுக்காமல் இருக்கிறார்களோ என்று நினைத்தபோது அவனுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு வீசினான். மருத மரத்துக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

“தம்பி.” யோகராசா அவனைத் தொடாமல், கிட்ட வந்து நின்றார். “எங்கட அண்ணனும் அந்தக் கிழமைதான் போனவர். இவங்களக் கொண்டு வந்த அதே ஆக்கள்தான் கூப்பிட்டவங்க, ட்ரக்டர் ஓட ஆள் வேணும் எண்டு. கொழும்புல இரிக்கான், வெளிநாட்டுல இரிக்கான் எண்டு அப்பா அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லியே செத்தார். நானும் அதத்தான் நம்பி இரிக்கன்.”

சாலிஹ் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். சத்தம் நின்றது.

“அண்ணன் கையில ஒண்டும் போடுறல்ல” என்றார் யோகராசா. “மோதிரம் போடாத ஆள இது காட்டுமா?”

அவர் கேட்டது எந்தப் பதிலை என்று சாலிஹுக்குத் தெரியவில்லை. காட்டும் என்பதையா, காட்டாது என்பதையா. திரையைப் பார்த்தான். இலக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

“காட்டாது அண்ணன்” என்றான்.

யோகராசா தலையை ஆட்டினார். வாடிக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து, குச்சி ஒன்றும் குத்தாத இடமாகப் பார்த்து நின்றார்.